கதிரையும் கிணற்றுத் தண்ணியும்: ஒரு மண்டப ஜெனரேற்றர் நின்ற கதை

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் குரங்கு பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் போன நாள் என்றால் எல்லாருக்கும் ஞாபகம் வரும். அன்றைக்கு வந்த குரங்குப் பகிடிகளை நானும் பார்த்தேன், ஆனால் இரவுதான் பார்த்தேன். பகல் முழுக்க யாழ்ப்பாணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கம், ஓடவேண்டிய நேரத்தில் நின்றுபோன 100 கே.வி.ஏ. ஜெனரேற்றர் ஒன்றுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அதன் பராமரிப்பு ஒப்பந்தம் எங்களுடையது.

மண்டபத்தின் பெயர் தேவையில்லை. பிழையில் அவர்களின் பங்கை விட எங்கள் பங்கு கூட. வேலை பழகும் பெடியளுக்கு இந்தக் கதையைத்தான் நான் முதல் கிழமையே சொல்கிறேன், சொல்லும்போது ஒவ்வொரு முறையும் ஏதாவது விடுபட்டுப் போகிறது. அதனால் ஒருமுறை முழுசாக எழுதி வைக்கிறேன்.

இயந்திரம்

2022இல் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினார்களே, அதில் பட்ட பாட்டுக்குப் பிறகு அந்த வருடக் கடைசியில் வாங்கியது. புதிது இல்லை, திருத்தி விற்ற இயந்திரம். 100 கே.வி.ஏ. என்றால் அது சுமக்கக்கூடியது 80 கிலோவாற். மண்டபத்தின் ஏசி எல்லாம் போட்டு, சமையல்கட்டுக் காற்றாடி, தண்ணி மோட்டர், விளக்கு எல்லாம் சேர்த்தாலும் 60 கிலோவாற்றைச் சுற்றித்தான் வரும். ஆகவே அளவு போதாது என்று ஒருவரும் சொல்ல முடியாது.

பராமரிப்பு இரண்டு அடுக்கு. சனிக்கிழமை தோறும் மண்டபத்துக் காவலாளி ஐயா 10 நிமிடம் ஸ்ராட் பண்ணி ஓடவிட்டு, ஒரு கொப்பியில் எழுதுவார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாங்கள் போவோம், ஒயில், பில்ரர், பற்றரி, பெல்ற் பார்ப்போம், அதே கொப்பியில் கையெழுத்து வைப்போம். இதில் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த 10 நிமிடமும் லைன் கரண்ட் இருக்கும், லைனிலிருந்து ஜெனரேற்றருக்கு மாற்றுகிற சுவிட்ச் அசையாது, ஜெனரேற்றர் ஒரு பல்பைக்கூடச் சுமக்காமல் சும்மா உறுமிவிட்டு நிற்கும். இரண்டு வருடத்துக்கு மேல் இப்படித்தான்.

அன்று நடந்தது

பெரிய கல்யாணம் என்றால் எங்கள் பெடியன் ஒருவனை மண்டபத்தில் நிற்க வைப்போம். அன்றைக்கு நின்றவனுக்கு 22 வயது, என்.வி.கியூ. 4 என்கிற தொழிற்தகைமை முடித்து எங்களோடு எட்டு மாதம். 11 மணி தாண்டிக் கரண்ட் போனது. 10 செக்கனுக்குள் ஜெனரேற்றர் ஏறி, சுவிட்ச் மாறி, மண்டபம் பழையபடி. ஒருவரும் கவனிக்கவேயில்லை என்று பெடியன் சொன்னான். நல்ல ஜெனரேற்றருக்கு அதுதான் அடையாளம், ஆனால் அந்தப் பெருமை 20 நிமிடம்தான் நீடித்தது. எஞ்சின் தண்ணிச் சூடு 98 பாகையில் கொன்ரோலர் எச்சரிக்கை காட்டியது. இன்னும் ஐந்து நிமிடத்தில் 103. கட்.

இதில் பெடியன் ஒரு பிழையும் ஒரு சரியும் செய்தான். பிழை, ஐந்து நிமிடம் பொறுத்துவிட்டுத் திரும்ப ஸ்ராட் பண்ணியது. சூடு கூடித் தானாக நிற்கிற எஞ்சினில் தண்ணிப் பம்பும் காற்றாடியும் அதோடு நின்றுவிடும், உள்ளே இருக்கிற இரும்பின் சூடு போக வழியில்லாமல் தண்ணிக்குள் இறங்கும். நின்ற பிறகுதான் வெப்பம் இன்னும் ஏறும். அந்த நேரத்தில் ஸ்ராட் பண்ணி உடனே 60 கிலோவாற்றைத் தலையில் வைத்தால் என்ன நடக்கும்? நாலு நிமிடத்தில் திரும்பக் கட்.

சரி என்னவென்றால், காவலாளி ஐயா ஒரு வாளி கிணற்றுத் தண்ணியும் சாக்குத் துண்டுமாக ரேடியேற்றர் மூடியைத் திறக்க வந்தபோது இவன் குறுக்கே நின்றுவிட்டான். "ஐயா, இதைத் திறந்தால் முகமே போயிடும்" என்று கத்தினானாம். 100 பாகைக்கு மேலே அழுத்தத்தில் அடைபட்டிருக்கிற தண்ணி, மூடி கழன்ற அந்தக் கணமே ஆவியாகிச் சீறும். தப்பித் தவறி அது நடக்காவிட்டாலும், கொதிக்கிற எஞ்சினுக்குள் பச்சைத் தண்ணி போனால் சிலிண்டருக்கு மேலே இருக்கிற ஹெட் வெடித்துக் கீறல் விடும். அந்த ஒரு காரியத்துக்காக அவனுடைய மற்றப் பிழையை நான் அன்றைக்குக் கதைக்கவில்லை.

நான் போய்ச் சேர 25 நிமிடம் ஆனது. ஜெனரேற்றர் அறையைச் சுற்றி வெளியால் வந்து பார்த்தால், சூட்டுக் காற்று வெளியேறுகிற கம்பித்தட்டுக்கு ஒரு முழம் முன்னால், மண்டபத்துப் பிளாஸ்ரிக் கதிரைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கி இருந்தன. அன்றைய கல்யாணத்துக்கு மெத்தைக் கதிரை வாடகைக்கு எடுத்திருந்தார்கள், பழையதை எங்கே வைப்பது, பின்னால் நிழலாக இருக்கிறது, வை. வெளியே தள்ளப்பட்ட காற்று கதிரையில் முட்டி, திரும்பி, கதவால் உள்ளே வந்து, அதே ரேடியேற்றருக்குள் மறுபடியும் போயிருக்கிறது.

கதிரையை எடுப்பித்து, ஏசி முழுவதையும் நிற்பாட்டி, விளக்கு, பங்கா, தண்ணி, சமையல்கட்டு மட்டும் என்று சுமையைப் பாதியாக்கி ஓட்டினோம். 94இல் நின்றது. பின்னேரம் கரண்ட் வரும்வரை அப்படியே. பந்தி நடந்தது, எல்லாரும் வேர்த்துக் குளித்தார்கள். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் பின்பக்கம் வந்து, சத்தம் போடாமல், "தம்பி, ஜெனரேற்றர் இருக்கெண்டுதானே இந்த மண்டபத்தை எடுத்தனாங்கள்" என்றார். அவர் ஏசியிருந்தால் எனக்கு இன்னும் சுகமாக இருந்திருக்கும்.

கதிரை இல்லாமலும் சூடு

காரணம் கதிரை என்று மண்டபப் பொறுப்பாளரே ஒப்புக்கொண்டார். அதை அப்படியே அறிக்கையில் எழுதியிருந்தால் எங்கள் கை சுத்தம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். எனக்கு அந்த 94தான் அரித்தது. கதிரை போயாயிற்று, சுமை பாதி. அந்த எஞ்சின் அப்போது 85ஐ ஒட்டி நிற்க வேண்டும். மீதி ஒன்பது பாகை எங்கிருந்து வந்தது?

அடுத்த நாள் அகச்சிவப்பு வெப்பமானியோடு போனேன். ரேடியேற்றரின் முகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஓடும்போது ஒவ்வொரு கட்டத்தின் சூட்டையும் எழுதினோம். மேலிருந்து கீழே படிப்படியாகக் குறைய வேண்டும். இங்கே நடுவில் இரண்டு இடம் திடீரென்று குளிர்ந்து கிடந்தது. ரேடியேற்றரில் குளிர்ச்சியான இடம் நல்ல செய்தி இல்லை, அந்தக் குழாய்களுக்குள் சுடுதண்ணி போகவேயில்லை என்று அர்த்தம். (இந்தக் கருவியைப் பளபளக்கிற உலோகத்தில் பிடித்தால் பொய் சொல்லும். கறுப்பு ரேப் ஒட்டி அதில் பாருங்கள். ரப்பர் ஹோஸில் நேரடியாகப் பார்க்கலாம்.)

பிறகு கீழ் ஹோஸ் கிளிப்பில் ஒரு வெள்ளைக் கோடு கண்ணில் பட்டது. விரலால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. சுண்ணாம்பு. தண்ணி மெதுவாகக் கசிந்து, எஞ்சின் சூட்டில் காய்ந்து, உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. நிலத்தில் ஒரு சொட்டும் விழாததால் கசிவு என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

காவலாளி ஐயாவிடம் கேட்டேன், "ஐயா, இதுக்குத் தண்ணி விடுறனீங்களோ?"

"ஓம் தம்பி, சனிக்கிழமையில ஒரு போத்தல். வடிவாக் கிணத்தில அள்ளி, வடிச்சுத்தான் விடுறனான்."

வடித்துத்தான் விட்டிருக்கிறார், பாவம். கிழமைக்கு ஒரு லீற்றர் போத்தல் என்றால் இரண்டு வருடத்தில் 100 லீற்றருக்கு மேல். எஞ்சினும் ரேடியேற்றரும் சேர்ந்து பிடிக்கிறது 20 லீற்றர்கூட இல்லை. உள்ளே இருந்த தண்ணி ஐந்து தடவைக்கு மேல் புதிதாக மாறிவிட்டது, ஒவ்வொரு தடவையும் புதுச் சுண்ணாம்போடு.

யாழ்ப்பாணத்துக்காரருக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. நாங்கள் குந்தியிருப்பது சுண்ணாம்புக் கல்லின் மேல், கிணற்றில் வருவது அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டு வருகிற தண்ணி. வீட்டுக் கேத்தலுக்குள் எட்டிப் பாருங்கள், அடியில் வெள்ளையாக ஓடு கட்டியிருக்கும். சூடாக்கினால் சீனி இன்னும் அதிகமாகக் கரையும், இந்தச் சுண்ணாம்பு நேர்மாறு, சூடு ஏற ஏறப் பிரிந்து அதிகம் சுடுகிற இடமாகப் பார்த்து ஒட்டும். எஞ்சினில் அந்த இடம் சிலிண்டரைச் சுற்றி, ஹெட்டைச் சுற்றி, அதாவது எங்கே சூடு கெதியாகப் போக வேண்டுமோ சரியாக அங்கே. ஒரு மில்லிமீற்றர் சுண்ணாம்பு, சூட்டைத் தடுப்பதில் இரண்டு சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட வார்ப்பிரும்புக்குச் சமம். கேத்தலில் இதைத் தினமும் பார்க்கிற நாங்கள் ரேடியேற்றருக்கு மட்டும் ஏன் வாளியோடு போகிறோம் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. தண்ணியோடு கலந்து ரேடியேற்றருக்கு விடுகிற கூலன்ற் திரவம் பனி விழுகிற நாட்டுக்குத்தானே என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ற் 107 பாகையளவில்தான் கொதிக்கும், மூடியின் அழுத்தத்தில் இன்னும் மேலே. அதோடு அதில் இருக்கிற துருத் தடுப்பு மருந்துதான் சிலிண்டரின் உள்சுவரான லைனரைக் காப்பாற்றுகிறது. எங்களுக்கு வேண்டியது அந்த இரண்டும்.

இனிக் கொப்பி. நூற்றுப் பத்துக்கு மேற்பட்ட சனிக்கிழமைகள். "தண்ணி – சரி. ஒயில் – சரி. பற்றரி – சரி." ஒரே பேனை, ஒரே சாய்வு. அதற்கு இடையில் எங்கள் காலாண்டு வருகை எட்டு, "கூலன்ற் மட்டம் – சரி". மட்டம் சரிதான், முதல் நாள்தானே ஐயா நிரப்பி வைத்திருக்கிறார். அந்த எட்டில் மூன்று கையெழுத்து என்னுடையது. மூடிய சுற்றில் ஓடுகிற தண்ணி குறையவே கூடாது, குறைந்தால் எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். பெடியளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்த கேள்வி இது, மூன்று முறை அங்கே நின்றும் நான் கேட்கவில்லை.

நான் ஏன் கேட்கவில்லை

இதைப் பல நாள் யோசித்தேன். நான் வேலை பழகியது 90களில். 1990இல் யுத்தத்தில் லக்சபான நீர்மின் நிலையக் கரண்ட் அறுந்தது, யாழ்ப்பாணம் திரும்பத் தேசிய மின்வலையோடு சேர 20 வருடத்துக்கு மேல் ஆனது. பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் பவுண் மாதிரி. இரண்டு சொட்டு பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்து, எழும்பினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டோம். ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். 16 வயதில் நான் நின்ற கராஜில் முதலாளி சொல்லித் தந்தது ஒன்றுதான்: எதையாவது விட்டு, எதையாவது கட்டி, ஓட வை. அந்தக் கெட்டித்தனத்தால்தான் வயல் மோட்டர் ஓடியது, ஆஸ்பத்திரிக்கு ஆள் போய்ச் சேர்ந்தது. அதை ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் ஸ்ரான்ட்பை ஜெனரேற்றர் நேர் எதிர் வேலை கேட்கிற சாமான். வருடத்தில் 364 நாள் அதற்கு ஒரு வருத்தமும் இல்லை, அந்த 364 நாளும் பார்க்க வேண்டும், 365ஆம் நாள் பார்த்துப் பிரயோசனம் இல்லை. நின்றதை ஓட வைக்கத் தெரிந்த கைக்கு, ஓடிக்கொண்டிருப்பதைச் சந்தேகிக்கத் தெரியாது. என் கையும் அந்தக் கைதான். தண்ணி குறைந்தால் விடு, அவ்வளவுதான், கேள்வி என்ன கேள்வி. காவலாளி ஐயாவும் என் தலைமுறையை விடக் கொஞ்சம் மூத்தவர், அவரும் அதே பள்ளிக்கூடம்.

திருத்த வேலை சுருக்கமாக. ரேடியேற்றரைக் கழற்றிக் கடையில் தொட்டி பிரித்துக் குழாய்களுக்குள் கம்பி ஓட்டிச் சுத்தம் பண்ணினோம், பாதி சுண்ணாம்பு, பாதி துரு வந்தது. எஞ்சினுக்குள் சிற்றிக் அமிலக் கரைசல் ஓடவிட்டுக் கழுவினோம். தேர்மோஸ்டற்றைச் சட்டியில் தண்ணி கொதிக்க வைத்துப் போட்டுப் பார்த்தால், 82இல் திறக்க வேண்டியது பாதியில் இறுகி நின்றது, புதிது போட்டோம். கிளிப் புதிது. காய்ச்சி வடித்த தண்ணியும் கூலன்றும் பாதிக்குப் பாதி. கம்பித்தட்டுக்கு முன்னால் நிலத்தில் மஞ்சள் பெயின்ரில் கோடு. கோட்டை நம்பாமல் இரும்புக் குழாயால் ஒரு வேலியும்.

சோதனைக்குப் போலிச் சுமை கொடுக்கிற வாடகைச் சுமைப்பெட்டி கொழும்பிலிருந்து வர வேண்டும், காசு. அந்தக் காலத்தில் நாங்கள் பீப்பாய் உப்புத் தண்ணிக்குள் தகடு இறக்கிச் சுமை ஏற்றுவோம், அதைப் பெடியளுக்குக் காட்டவும் மாட்டேன், உயிர் போகிற வேலை. கல்யாணம் இல்லாத ஒரு நாள் பார்த்து மண்டபத்தின் ஏசி முழுவதையும் போட்டு, லைனைக் கையால் நிற்பாட்டி இரண்டு மணித்தியாலம் ஓட்டினோம். முதல் மணித்தியாலம் முடிய 87, பிறகு 88, அதற்கு மேல் அசையவில்லை. முதல் அரை மணித்தியாலம் சைலன்சரால் வெள்ளையும் கறுப்புமாகப் புகை தள்ளியது, குழாய்ப் பொருத்தில் தார் மாதிரிக் கறுப்பு ஒழுகியது. சும்மா ஓட்டி ஓட்டி எரியாமல் தங்கிய டீசல். சூடு ஏற அது எரிந்து புகை தெளிந்தது.

அமெரிக்காவின் என்.எப்.பி.ஏ. 110 தரநிலை மாதம் ஒருமுறை 30 நிமிடம், குறைந்தது 30 வீதச் சுமையில் ஓட்டச் சொல்கிறது. அது எங்களுக்குச் சட்டம் இல்லை, ஆனால் கணக்கு எல்லா ஊருக்கும் ஒன்றுதான். 80 கிலோவாற்றுக்கு 30 வீதம் 24. மண்டபத்தின் ஏசியைப் போட்டாலே வந்துவிடும். டீசல் செலவு என்று பொறுப்பாளர் முகம் சுளித்தார். அந்தப் பெரியவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன், சம்மதித்தார்.

பெடியளைப் பழக்குவது

முதலில் செய்தது, கொப்பியில் "சரி" என்ற சொல்லைத் தடை செய்தது. பகிடி இல்லை. பற்றரி சரி என்று எழுதக் கூடாது: சும்மா இருக்கும்போது 12.7, ஸ்ராட்டர் இழுக்கும்போது எவ்வளவுக்கு விழுந்தது, அதை எழுது. நிற்கும்போது 12.7 காட்டுகிற பற்றரி இழுக்கும்போது 9க்குக் கீழே போனால் அது செத்த பற்றரி, இன்னும் அடக்கம் பண்ணவில்லை, அவ்வளவுதான். தண்ணி விட்டாயா, எத்தனை மில்லிலீற்றர்? ஒன்றும் விடவில்லையென்றால் 0 என்று எழுது. இலக்கம் எழுத வேண்டுமென்றால் கருவியைக் கையில் எடுக்க வேண்டும், வேறு வழியில்லை. "சரி" எழுத ஜெனரேற்றர் அறைக்குள் போகவே தேவையில்லை.

இரண்டாவது, ஸ்ராட் பண்ண முதல் சொல்ல வேண்டும்: ஒயில் அழுத்தம் என்ன வரும், பிரீக்குவென்சி என்ன வரும், 10 நிமிடத்தில் சூடு எவ்வளவு. பிழையாகச் சொன்னால் குற்றமில்லை, சொல்லாமல் சாவியைத் தொட்டால் குற்றம். முதலில் வெட்கப்பட்டார்கள். எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற பழைய மெக்கானிக்கல் கவனர் சுமையில்லாமல் 52 ஹேர்ட்ஸ் காட்டி, சுமை ஏற 50க்கு இறங்கும் என்பதைப் புத்தகத்தில் படித்தவன், அதை முன்கூட்டிச் சொல்லி முள் அப்படியே இறங்குவதைக் கண்ட நாள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதுதான் அவர்களுக்குப் பிடித்தது. எங்கள் கொட்டிலில் இருக்கிற பழைய 30 கே.வி.ஏ. இயந்திரத்தில் நான் ஒரு பிழையை ஒளித்து வைப்பேன், அவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். டீசல் பைப்பைப் பூட்டி வைப்பேன். பற்றரி முனையைக் கழற்றாமல் அரைச் சுற்று மட்டும் தளர்த்தி வைப்பேன், விளக்கு எரியும், ஸ்ராட்டர் இழுக்காது. அவசர நிறுத்தப் பொத்தானை அமத்தி விடுவேன். எல்லாவற்றையும் விட அதிகம் ஏமாந்தது மிகச் சின்ன விசயத்தில்: கொன்ரோலரை ஓட்டோவில், அதாவது தானாக ஸ்ராட் ஆகிற நிலையில், விடாமல் நிற்பாட்டில் விட்டேன், அவ்வளவுதான். மூன்று பேர் அரை மணித்தியாலம் பில்ரரைக் கழற்றினார்கள். சேர்விஸ் முடிந்து போகும்போது ஓட்டோவுக்குத் திருப்ப மறப்பது எங்கள் தொழிலில் நடக்கிற உண்மையான பிழை, எல்லா வேலையும் செய்து எல்லாப் பயனையும் அழிக்கிற பிழை. இப்போது கடைசியாகக் கதவைப் பூட்ட முதல் கொன்ரோலரைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்பது விதி.

மொழியும் ஒரு தலையிடி. கையேடு எல்லாம் ஆங்கிலம், பெடியள் விளங்கினமாதிரித் தலையாட்டுவார்கள். கொன்ரோலர் திரையில் வருகிற எச்சரிக்கைகளைத் தமிழில் எழுதி அறைச் சுவரில் ஒட்டினோம். வெறும் மொழிபெயர்ப்பாக எழுதவில்லை, என்ன செய்யக் கூடாது என்பதை முதல் வரியில் எழுதினோம். சூடு கூடிக் கட் என்றால் முதல் வரி: "மூடியைத் திறக்காதே. 30 நிமிடம் ஸ்ராட் பண்ணாதே. வெளியே போய்க் கம்பித்தட்டைப் பார்."

பழகின பெடியன் இரண்டு வருடத்தில் கட்டார் போய்விடுவான், ஏன் மினக்கெடுகிறாய் என்று கேட்கிறார்கள். போவான்தான். போகட்டும், அங்கேயும் ஜெனரேற்றர் இருக்கிறது. பழகாத பெடியன் இங்கேயே நின்றால்தான் எனக்குப் பயம்.

காவலாளி ஐயாவுக்கும் ஒரு வெப்பமானி வாங்கிக் கொடுத்தோம். முதல் இரண்டு கிழமை அதைச் சுவரில், பூனையில், தேத்தண்ணியில் எல்லாம் பிடித்துப் பார்த்தார். பிறகு ஒழுங்காக எழுதத் தொடங்கினார். போன மாதம் சுமையோடு ஓட்டின நாளில் அவர் எழுதியது இது: "மேல் ஹோஸ் 86. கீழ் ஹோஸ் 78. தண்ணி விட்டது 0. வேலிக்குள்ள கதிரை 12, தூக்கி எறிஞ்சாச்சு."